அனுப்பிய பாட்டு ஏன் எடுபடுவதில்லை?

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக ஒன்றல்ல, இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணியும். கருவியிலேயே இருந்த சின்ன மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். தனியாகப் பாட்டுக் கேட்பதற்கென்றே செய்த கருவியில் இது எதற்கு? நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு தான் மட்டும் கேட்பது மரியாதையில்லை என்று மொரிட்டாவுக்கே பட்டது. இரண்டாவது துளை வந்த கதை இதுதான்.

அந்தக் கவலை வீணாயிற்று. வாங்கியவர்கள் ஆளுக்கொரு வாக்மேன் வாங்கிக்கொண்டு தனித்தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் பேசும் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. ஆனால் தனக்குப் பிடித்த பாட்டை இன்னொருவர் காதில் போட்டே ஆகவேண்டும் என்கிற அரிப்பு மட்டும் போகவில்லை. இன்றைக்கு அது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு யூடியூப் இணைப்பு வந்து விழும். கீழே, "ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒரு வயலின் வரும், அதைக் கேளு" என்று ஒரு வரி. மறுநாள் பதில் போகும்: "கேட்டேன், நல்லாருக்கு." அதற்கு மேல் பேச்சு இருக்காது. நம்மில் எல்லோருமே அனுப்பியவர் இடத்திலும் இருந்திருக்கிறோம், பதில் போட்டவர் இடத்திலும் இருந்திருக்கிறோம்.

வழக்கமாக இதற்கு ரசனையைக் காரணம் காட்டுவோம். அவனுக்கு டேஸ்ட் கிடையாது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் புரியாது, பெரியவர்கள் பழசை விட்டு வரமாட்டார்கள் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒன்று கைவசம் இருக்கும். ரசனையை இவ்வளவு சீக்கிரம் குற்றம் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கட்சி. கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூளை ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் கண்டுபிடித்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: பாட்டு தரும் சுகத்தில் பெரும்பங்கு, கேட்பவர் அதற்கு முன்னால் என்னென்ன கேட்டிருக்கிறார் என்பதிலிருந்து வருகிறது. பாட்டை அனுப்பிவிடலாம். அந்த முன்கதையை அனுப்ப முடியாது.

முதலில் அனுப்புகிறவர் பக்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி 1990இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு எளிய விளையாட்டை நடத்தினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்களிடம் "எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்டபோது, பாதிக்குப் பாதி என்றார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவர் தலைக்குள் மெட்டு, சொல், குரல், பின்னணி வாத்தியம் என்று முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது மேசைச் சத்தம் மட்டும். தன் தலைக்குள் ஓடுவதை ஒதுக்கிவிட்டு, எதிராளிக்கு எப்படிக் கேட்கும் என்று கற்பனை செய்யத் தட்டியவர்களால் முடியவேயில்லை.

பாட்டு அனுப்புகிறவரும் அந்தத் தட்டுகிறவரும் ஏறக்குறைய ஒரே நிலைமையில்தான் இருக்கிறார்கள். அனுப்புகிறவர் அந்த வயலினைப் பத்துப் பதினைந்து முறை கேட்டிருப்பார். அது வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதலில்தான் விஷயமே இருக்கிறது என்பதைக் காட்டியது கனடாவில் நடந்த ஓர் ஆய்வு.

மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோர் குழுவினர் செய்த அந்த ஆய்வு 2011இல் வெளியானது. இசை கேட்டு மயிர்க்கூச்செறிகிற ஆட்கள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். வந்தவர்களைச் சலித்துச் சலித்துக் கடைசியில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, அவரவர் கொண்டுவந்த இசையையே கேட்க வைத்தார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். பசித்தவன் சாப்பிடும்போதும், சூதாடி ஜெயிக்கும்போதும் வேலை செய்கிற அதே டோபமைன். அதை நேரடியாகப் பார்க்க முடியாது. அதனால், டோபமைன் வந்து உட்காரும் இடங்களில் தானும் போய் உட்காரக்கூடிய, லேசான கதிரியக்கம் ஏற்றிய ஒரு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். டோபமைன் அதிகம் சுரந்தால் இந்த மருந்துக்கு இடம் கிடைக்காது, ஸ்கேனில் அதன் ஒளி குறையும். பிடித்த இசையைக் கேட்டபோது ஒளி குறைந்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது முடிவைவிட அதன் ஏற்பாடு. பிடித்த இசைக்கு எதிராக ஒப்பிட்டுப் பார்க்க, பிடிக்கவும் செய்யாத, வெறுப்பும் தராத ஓர் இசை வேண்டும். அதற்கு எங்கே போவது? இவர் கொண்டுவந்ததை அவருக்குப் போட்டார்கள், அவர் கொண்டுவந்ததை இவருக்கு. ஒருவருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்க வைத்த இசை, இன்னொருவருக்குச் சும்மா ஓடுகிற சத்தம். நம் வாட்ஸ்அப் சோகத்தை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயமும் முக்கியம். சிலிர்ப்பு வரும் நொடியில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதி கிளர்ந்தது. ஆனால் அதற்குச் சில நொடிகளுக்கு முன்பே காடேட் என்ற வேறொரு பகுதி கிளர்ந்துவிட்டது. இதோ வரப்போகிறது என்ற காத்திருப்புக்கே தனியாக டோபமைன். டோபமைன் கூடவே வருகிறதா, சுகத்துக்கே காரணமா என்ற சந்தேகம் அப்போது மிச்சமிருந்தது. 2019இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் 27 பேரை வைத்து அதையும் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தருகிற, டோபமைனைக் கூட்டும் லெவோடோபா மாத்திரை கொடுத்த நாளில் இசை கூடுதலாக இனித்தது. டோபமைனைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் கொடுத்த நாளில் அதே ஆட்களுக்கு இனிமை குறைந்தது.

காத்திருப்பு என்றால் என்னவென்று கர்நாடகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் மிருதங்கக்காரர் கோர்வையைத் தொடங்குகிறார். முதல் முறை வாசித்ததும் கணக்கு பிடிபடுகிறது. இரண்டாம் முறை சபையில் பாதிப் பேர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கூடவே போகிறார்கள். மூன்றாம் முறை, எங்கோ விலகிப் போவது போலப் போன நடை சரியாகப் பாட்டின் எடுப்பில் வந்து விழுகிறது; கைதட்டல். கணக்குத் தெரிந்தவர் அந்த நொடிக்கு முன்னாலேயே முன்னோக்கிச் சாய்ந்துவிடுவார். பக்கத்தில் முதன்முறையாகக் கச்சேரிக்கு வந்தவர், கைதட்டியதைப் பார்த்துத் தானும் தட்டுவார். இரண்டு பேர் காதிலும் விழுந்தது ஒரே ஓசை. ஒருவருக்கு அது போய்ச் சேர வேண்டிய இடம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ராக ஆலாபனை தொடங்கியதும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் குனிந்து "கரகரப்ரியாதானே?" என்று கிசுகிசுக்கிறவரும் இதே மகிழ்ச்சியைத்தான் பங்கு போடுகிறார்.

சினிமாப் பாட்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. இடையிசை முடிந்து தபலா ஒரு சின்ன உருட்டு உருட்டிச் சரணத்தை எடுத்துக் கொடுக்கிறதே, அந்த இடம். லைப்ஸிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வின்சென்ட் சியுங் குழுவினர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் வந்த 745 பாட்டுகளிலிருந்து 80,000 சுரக்கூட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்தது எது என்று எவ்வளவு உறுதியாக ஊகிக்கலாம், வந்தது எவ்வளவு எதிர்பாராதது என்று கணினி மாதிரியால் அளந்தார்கள். கேட்பவர்களுக்கு மிகவும் இனித்தவை இரண்டு வகை: அடுத்தது இதுதான் என்று உறுதியாக நினைத்திருக்கும்போது வேறொன்று வந்தது, என்ன வருமோ என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது பழகியது வந்தது. இரண்டுக்குமே எதிர்பார்ப்பு என்று ஒன்று கேட்பவர் தலையில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

அந்த எதிர்பார்ப்பு எங்கே இருக்கிறது என்பதற்கும் சலிம்பூர் குழுவே ஒரு விடை தந்தது. 2013இல் வெளியான ஆய்வில் 19 பேருக்கு, முன்பு கேட்டிராத 60 பாட்டுகளின் அரை நிமிடத் துண்டுகளைப் போட்டு, பிடித்தால் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கலாம் என்றார்கள். அதிக விலை சொன்ன பாட்டைக் கேட்கும்போது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கும், ஒலியைக் கையாளும் செவிப்புலப் பகுதிக்கும் இடையே உரையாடல் வலுத்தது. பிறந்ததிலிருந்து கேட்ட இசையின் வடிவங்களெல்லாம் அந்தச் செவிப்புலப் பகுதியில் படிந்து கிடக்கின்றன. புதுப் பாட்டு அந்தப் படிவோடு உரசிப் பார்க்கப்படுகிறது. என் படிவு வேறு, உங்கள் படிவு வேறு.

பிறகு எப்படித்தான் ஒரு பாட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறது? போகாமலா இருக்கிறது? விடை சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: திரும்பத் திரும்பக் கேட்பதால். முன்பின் தெரியாத எழுத்துகளானாலும் முகங்களானாலும், அடிக்கடி கண்ணில் பட்டாலே பிடித்துப்போகத் தொடங்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968லேயே காட்டினார். இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் இதை இசையில் இன்னும் குறும்பாகச் செய்து பார்த்தார். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் போன்ற, எதையும் திருப்பிச் சொல்லாமல் எழுதுவதற்குப் பெயர்போன இசையமைப்பாளர்களின் படைப்புகளை எடுத்து, கணினியில் வெட்டி, சில துண்டுகளை மீண்டும் வருமாறு ஒட்டினார். கேட்டவர்கள் ஒட்டு வேலையையே கூடுதலாக ரசித்தார்கள். அதைத்தான் மனிதர் எழுதியிருப்பார் என்றும் நினைத்தார்கள். அந்த இசையமைப்பாளர்களுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். திகட்டும் எல்லை ஒன்றும் உண்டு; கல்யாண மண்டபத்துக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இடத்தில் பழைய பகிர்தலுக்கும் புதிய பகிர்தலுக்கும் உள்ள ஒரு பெரிய வித்தியாசம் கண்ணில் படுகிறது. கேசட் காலத்தில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, பதிவு செய்து தரும் கடையில் கொடுத்து, 60 நிமிட அல்லது 90 நிமிட கேசட்டில் ஏற்றி வாங்கி வருவோம். அதை நண்பனுக்குக் கொடுத்தால், அவனிடம் மொத்தம் இருப்பதே பத்துக் கேசட்தான். வேறு வழியில்லாமல் அதையே போட்டுத் தேய்ப்பான். பிடிக்காத பாட்டைத் தாண்டிப்போக வேண்டுமானால் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும், நாடா சிக்கிக்கொள்ளும் பயம் வேறு. சோம்பலிலேயே அந்தப் பாட்டையும் கேட்பான். மாசம் முடிவதற்குள் அதுவே பிடித்த பாட்டாகியிருக்கும். டீக்கடையும் மினி பஸ்ஸும் இதையே ஊருக்குச் செய்தன. இப்போது வரும் இணைப்புக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. அதிலும் முன்னிசை நீண்டால் விரல் நகர்ந்துவிடும். பாட்டைக் கொடுப்பது இன்று மிக எளிது. அது ஊறுவதற்கான நேரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

வீட்டுக்குள் அந்த நேரம் இன்னும் கிடைக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரம்ஹான்ஸல் 2013இல் இருபது வயது மாணவர்களுக்கு 1955லிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பிரபலப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலத்துப் பாட்டுகளில் அவர்களுக்குப் பற்று இருந்தது எதிர்பார்த்ததுதான். அதோடு 1980களின் தொடக்கத்தில் ஒரு மேடு, 1960களில் இன்னொரு மேடு. எண்பதுகளின் தொடக்கம் என்பது அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம். அப்பா காரில் போட்டதும் அம்மா சமைக்கும்போது போட்டதும் பிள்ளைகளின் படிவில் சேர்ந்துவிட்டன. தாங்கள் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன் வந்த இளையராஜா பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் முழுக்கப் பாடுவதைக் கண்டு வியக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

யார் கொடுத்தார்கள் என்பதும் பாட்டோடு சேர்ந்தே போகிறது. ஹார்வர்டில் சாமுவேல் மேர் குழுவினர் ஐந்து மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு புது மெட்டைச் சொல்லிக்கொடுத்து வீட்டில் சில நாள் பாடச் சொன்னார்கள். பிறகு முன்பின் தெரியாத இருவர் குழந்தையிடம் ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். குழந்தைகள் தங்கள் வீட்டுப் பாட்டைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்தன. அதே மெட்டை ஒரு பொம்மையிடமிருந்து கேட்டுப் பழகிய குழந்தைகளிடம் இந்தச் சாய்வு இல்லை. பேச்சு வராத வயதிலேயே, ஒரு பாட்டைத் தெரிந்தவர் நம்மாள் என்று குழந்தை கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

பெரியவர்களும் அப்படித்தான். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் காஸ்லிங் இருவரும் அறிமுகமில்லாத மாணவர்களை ஜோடி ஜோடியாக ஆறு வாரம் பேசிப் பழகச் சொன்னபோது, சினிமா, விளையாட்டு, உடை எல்லாவற்றையும் விட அதிகமாக அடிபட்ட பேச்சு இசைதான். நேயர் விருப்ப நிகழ்ச்சிகளை வளர்த்ததும் இதே ஆசையாகத்தான் இருக்க வேண்டும். இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்பட்ட நீண்ட பெயர்ப் பட்டியலில் தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பாட்டை முன்பே நூறு தடவை கேட்டவர்கள். இந்திப் பாட்டுக்கு விருப்ப அஞ்சலட்டை எழுதி எழுதியே ஜும்ரி திலையா என்ற சிற்றூர் நாடெங்கும் பெயர் வாங்கியது.

மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது தெரிந்தாலே பாட்டின் தலையெழுத்து மாறுகிறது. 2006இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 48 அறியப்படாத பாட்டுகளை இணையத்தில் வைத்து, வந்த 14,341 பேரைத் தனித்தனிக் கூடங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூடத்தில் இருப்பவருக்கு அதே கூடத்தார் எதைத் தரவிறக்கினார்கள் என்று மட்டும் தெரியும். யாருடைய தேர்வும் தெரியாதவர்கள் கூட்டத்தில் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு கூடத்தில் முதலிடத்துக்கு வந்தது. இன்னொரு கூடத்தில் 40ஆம் இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டு மண்ணைக் கவ்வுவது அபூர்வம், மிக மோசமானது ஜெயிப்பதும் அபூர்வம். நடுவில் இருப்பவற்றுக்கு எதுவும் நடக்கலாம். ஹிட் பாட்டைக் காட்டி "பார், ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று வாதம் செய்பவர்களுக்கு இந்த ஆய்வை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

சேர்ந்து கேட்டால் சுகம் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. ஸ்வீடனில் நெருங்கிய நண்பரோடு கேட்டவர்களுக்கு உணர்ச்சி வலுத்தது. ஜெர்மனியில் ஓர் அமெச்சூர் இசைக்குழுவினரைக் கூட்டமாக உட்காரவைத்தபோது சிலிர்ப்பு குறைந்தது. யாரோடு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதை அனுப்பினாலும் அசையாத நண்பர் ஒருவர் உங்களுக்கு இருந்தால் அவரை மன்னித்துவிடுங்கள். பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் விவரித்த ஒரு வகையினர் இருக்கிறார்கள்: காது சரி, சுருதி புரிகிறது, பணம் ஜெயித்தால் மகிழ்ச்சி வருகிறது, இசைக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. இவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இருக்கலாம் என்கிறார்கள். செவிப்புலப் பகுதிக்கும் சுகம் தரும் பகுதிக்கும் இடையிலான இணைப்பு இவர்களிடம் மெலிந்திருக்கிறது. மனச்சோர்வோ திமிரோ அல்ல.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பாட்டு அனுப்புகிறவர்கள் ஒரு நாளைக்கு ஐந்து அனுப்பாமல் வாரத்துக்கு ஒன்று அனுப்புங்கள், எந்த இடத்தில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து கேளுங்கள். பெற்றுக்கொள்கிறவர்கள் முன்னிசையைத் தள்ளிவிடாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று தடவையாவது கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால், "நல்லாருக்கு" என்று எழுதாமல், பிடிக்கவில்லை என்றே சொல்லிவிடுங்கள்.